சாலைப் பக்கத்துச் சிவப்பு

வில்டா கிரெப்ஸின் கொட்டகையைக் கட்டியது பாதி டெல்மர், பாதி பொறாமை. டெல்மருக்குத் தோள்பட்டை வலி உண்டு. சாப்பிட்டால் தூக்கம் வரும். பொறாமைக்கு இரண்டும் கிடையாது. பாதிக்கு மேலேயே அதுதான் கட்டியது என்று சொன்னாலும் டெல்மர் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நான் அவர்களுக்குக் கிழக்கே அடுத்த பண்ணைக்காரன். என் வேலிக்கும் அவர்கள் வேலிக்கும் ஒரே முள்கம்பிதான். வில்டா அவள் மாட்டை அதட்டினால் என் மாடு திரும்பிப் பார்க்கும். ஆகவே இதில் நான் கேள்விப்பட்டது கொஞ்சம், கண்ணால் கண்டது நிறைய.

வில்டாவும் ஜெனீவாவும் அக்கா தங்கை. அவர்கள் அப்பா போன பிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். சண்டை வேண்டாம் என்று தொப்பிக்குள் இரண்டு துண்டுச் சீட்டைப் போட்டு, மூத்தவள் எடுக்கட்டும் என்று விட்டார்கள். வில்டா கையை விட்டாள். கல்லும் ஓக் மரமும் மண்டிய மேடு அவள் கையோடு வந்தது. ஓடைக்கரை வண்டல் நிலம் ஜெனீவாவுக்கு நின்றது. வேறு யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால் அவர்களைத் திட்டியே வில்டா ஆறியிருப்பாள். தானே எடுத்ததால் திட்ட ஆளில்லை, தங்கையைத் தவிர.

ஜெனீவா கட்டிக்கொண்டது ராய்ஸை. டவுனில் டிராக்டர் விற்கிறவன், சிரித்த முகம், கையில் காசு புரளும். இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் ஒரு கொட்டகை கட்டினார்கள். கட்டினார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு, கட்ட வைத்தார்கள். நகரத்திலிருந்து ஒரு கம்பெனி வண்டி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், கம்பம் நட்டார்கள், கூரை போட்டார்கள், அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்கள். ரத்தச் சிவப்பில் கூரை, ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டை. வில்டாவின் அடுக்களையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் மேலே இருக்கிற ஜன்னலில் அது முழுசாகத் தெரியும். வில்டா ஜன்னலுக்குத் திரை போட்டாள். ஒரு வாரத்தில் திரையைக் கழற்றிவிட்டாள். பார்க்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்ததாம்.

எங்கள் மேட்டில் எல்லாரும் கன்று விற்றுப் பிழைக்கிறவர்கள். கோடையில் புல்லை அறுத்து, காயவைத்து, ஆளுயர உருளையாகச் சுற்றி வைத்தால்தான் பனிக்காலத்தில் மாட்டுக்கு வாய் அசையும். வில்டா வீட்டில் கொட்டகை இல்லாததால் உருளைகளைத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். போன குளிர்காலம் மழையாகவே பெய்து தீர்த்தது. தார்ப்பாய்க்கு அடியில் பாதிப் புல் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிட்டது. மாடுகள் விலா எலும்பு எண்ணும்படி ஆயின. இரண்டு கன்று செத்தது. இன்னொரு வருடம் புல் நனைந்தால் மந்தையை ஏலச் சந்தைக்கு ஓட்டிவிட்டு நான் மரம் அறுக்கும் மில்லில் கூலிக்குப் போகிறேன் என்று டெல்மர் சொல்லிவிட்டான். அவன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான். அதனால்தான் வில்டா பயந்தாள். அந்தக் கோடையிலேயே கொட்டகை கட்ட இறங்கினார்கள்.

கம்பத்துக்குக் கரன்ட் கம்பெனிக்காரர்கள் கழித்துப் போட்ட பழைய மின்கம்பங்களைக் கேட்டு வாங்கினார்கள். சட்டம் எல்லாம் ஹோபர்ட்டின் மரமில்லில் அறுத்த, ஈரம் காயாத ஓக். ஹோபர்ட் எங்கள் சர்ச் சபையில் மூப்பர். கோணல் கட்டையைத் தனியாக அடுக்கி வைத்திருப்பான், அதற்குக் காசு கேட்க மாட்டான். டெல்மர் அந்த அடுக்கிலிருந்தே கொட்டகையின் எலும்புக்கூட்டை நிறுத்திவிட்டான். கொஞ்சம் கோணல்தான். ஆனால் அசையாது.

கூரைக்குத்தான் வழியில்லை. அப்போது ஓடைக்கு அப்பால் ஒருவன் வான்கோழிப் பண்ணையை மூடினான். பிரித்து, இடத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தால் தகரத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்றான். டெல்மரும் வில்டாவும் ஜூலை வெயிலில் அதைப் பிரித்தார்கள். நானும் சில நாள் போனேன். வான்கோழி எச்சத்தின் காரம் மூக்கைத் தாண்டி மூளைக்குப் போகும். துருவேறிய ஆணியைப் பிடுங்கினால் கூடவே தூசு கொட்டும். மதியம் பிக்கப் வண்டியின் பின்பலகையைச் சாய்த்து, அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடுவோம். குளிர்ந்த டீயை ஊறுகாய் ஜாடியில் கொண்டு வருவாள் வில்டா. சாப்பிட்டதும் டெல்மர் வண்டி நிழலில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வான். அவள் மட்டும் திரும்ப ஏணியில் ஏறிவிடுவாள்.

பிரித்த தகரம் இரண்டு சரிவுக்கும் போதும். அரித்த ஓரத்தை வெட்டிவிட்டு, பழைய ஓட்டையில் தார்க் களிம்பு அப்பினால் ஒழுகாது என்று டெல்மர் கணக்குப் போட்டான். மறுநாள் காலையில் வில்டா, வடக்குச் சரிவுக்கு வான்கோழித் தகரம் போதும், தெற்குச் சரிவுக்குச் சிவப்பு வேண்டும் என்றாள். தெற்குச் சரிவுதான் சாலையிலிருந்து தெரியும்.

“மாட்டுக்கு நிறம் தெரியாது, வில்டா” என்றான் டெல்மர்.

“மாட்டுக்காகக் கேக்கல.”

யாருக்காக என்று அவன் கேட்கவில்லை. அந்த ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்துதான் அவனும் தினம் காப்பி குடிக்கிறான்.

அவள் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த கிடேரி ஒன்று இருந்தது. கூப்பிட்டால் பின்னாலேயே வரும். அதை ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டு, சாயம் சரியாக ஏறவில்லை என்று தொழிற்சாலை கழித்த சிவப்புத் தகடுகளை வாங்கி வந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் திட்டுத்திட்டாக இருக்கும். சாலையிலிருந்து யார் கிட்டே போய்ப் பார்க்கப் போகிறார்கள்? மிச்ச வான்கோழித் தகரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டு முகட்டு மூடியும் திருகாணியும் வாங்கினார்கள். அத்தோடு கை துடைத்த மாதிரி ஆயிற்று.

வடக்குச் சரிவை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் அதை டெல்மரின் இஷ்டத்துக்கு விட்டாள். அவன் முறைப்படி அடித்தான். முறை என்பது எங்கள் பக்கத்தில் நடக்கக் கற்ற பிள்ளைக்கும் தெரிந்ததுதான். காற்று மேற்கிலிருந்து வரும். ஆகவே தகடு அடிக்கிறவன் கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கே வருவான். ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் முந்தைய தகட்டின் மேல் படிந்து, வாய் கிழக்கே பார்த்திருக்கும். காற்று முதுகைத் தடவிக்கொண்டு போய்விடும். மேற்கே தொடங்கினாலோ, அத்தனை தகடும் காற்றைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

சாலை மேற்கில் இருந்தது. அதுதான் வம்பு.

தெற்குச் சரிவுக்கு ஏணி சாத்தப் போனபோது வில்டா சாலைப் பக்கக் கோடியில் நின்றுகொண்டாள். தினம் காலையில் ஜெனீவா பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்கு அந்த வழியாகத்தான் போவாள். இவர்கள் இரண்டே பேர், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தகடு ஏறினால் பெரிது. கிழக்கே தொடங்கினால் சிவப்பு சாலைக்கு வந்து சேர வாரமாகும். அதுவரை ஜெனீவா பார்ப்பது வெறும் கட்டைதான்.

டெல்மர் ஒரு தடவைதான் சொன்னான். “காத்து மேற்கேருந்து வரும், வில்டா. உனக்கே தெரியும்.”

“வரட்டும். அது வர்றதுக்கு முந்தி ஜெனீவா வருவா.”

“அவ பாத்துட்டுப் போயிடுவா. கூரை இங்கதான இருக்கணும்?”

“ரெண்டு வருஷமா நான் பாக்குறேன், டெல்மர். தட்டு கழுவுறப்பல்லாம் பாக்குறேன். ஒரு வாரம் அவ பாக்கட்டும். விளிம்புக்கு ரெண்டு திருகாணி கூடப் போட்டா நிக்கும்.”

கூடப் போடத் திருகாணி ஏது? இருந்ததையே எண்ணித்தான் வாங்கியிருந்தார்கள். ஆனால் டெல்மர் ஏணியைத் தூக்கிக்கொண்டு சாலைப் பக்கம் போனான். முப்பது வருடம் குடித்தனம் பண்ணியவன், எந்தச் சண்டையில் ஜெயித்தால் வீட்டில் சோறு இறங்காது என்று அவனுக்குத் தெரியும்.

அந்த வாரம் வில்டா சந்தோஷமாக இருந்தாள். மறைப்பானேன், அவள் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. தலையில் ஒரு பூப்போட்ட கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, சட்டத்தின் மேல் குந்தி உட்கார்ந்து ட்ரில்லை அழுத்துவாள். ஓக் கட்டை கிறீச்சிடும். காலையில் ஜெனீவாவின் கார் மேடேறி வரும் சத்தம் கேட்டால் எழுந்து நின்று முதுகை நிமிர்த்திக்கொள்வாள். மூன்றாம் நாள் கார் வேகம் குறைந்தது. நாலாம் நாள் நின்றே போனது. ஜெனீவா கண்ணாடியை இறக்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஹாரன் அடித்துவிட்டுப் போனாள். வில்டா கையை ஆட்டவில்லை. திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு, எங்கோ பார்க்கிற மாதிரி நின்றாள். அன்று மத்தியானம் டெல்மருக்குச் சர்க்கரை போட்டு ஆப்பிள் வறுத்துக் கொடுத்தாளாம்.

கூரை முடிந்து, புல் உருளைகளை உள்ளே உருட்டி, அடுக்கி, எல்லாரும் மூச்சு விட்டோம். ஒரு பத்து நாள் போயிருக்கும். மத்தியானத்துக்கு மேல் மேற்கே வானம் பாசிப்பச்சையாக மாறியது. மாடுகள் தாமாகவே பள்ளத்தில் இறங்கின. மழை பேருக்குத்தான் பெய்தது, வந்ததெல்லாம் காற்று. நான் என் வாசலில் நின்று பார்த்தேன். முதலில் ஒரு விசில் சத்தம் கேட்டது. சாலைப் பக்கத்து விளிம்பு ஒன்று துடித்தது. பிறகு திருகாணிகள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டன. ஒரு தகடு எழுந்ததும் பக்கத்துத் தகட்டின் அடியில் காற்று புகுந்தது. கால் மணி நேரத்துக்குள் தெற்குச் சரிவு பாதிக்கு மேல் காலி. சில தகடு மேய்ச்சலில் மடிந்து கிடந்தது, சில மரத்தில் மாட்டிக்கொண்டது. வான்கோழித் தகரம் வடக்கே ஒரு மடிப்பும் கலையாமல் கிடந்தது.

நான் ஓடிப் போனபோது வில்டா கொட்டகைக்குள் நின்று மேலே தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்மர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தான். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் அவள் அழுதிருப்பாள், அழுதிருந்தால் கொஞ்சம் லேசாகியிருப்பாள். மூன்று பேரும் சேர்ந்து உருளைகளை வடக்குப் பாதிக்குத் தள்ளினோம். எல்லாம் அடங்கவில்லை. வருகிற வாரக் கடைசியில் பெருமழை என்று ரேடியோக்காரன் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் ராய்ஸின் பிக்கப் வந்தது. பின்னால் ஒரு சிவப்புத் தகடு கிடந்தது. பறந்து போய் அவர்கள் வேலியில் தொங்கியதாம். ராய்ஸ் கெட்டவனில்லை. தகட்டை இறக்கி, பதவிசாகச் சுவரில் சாத்திவைத்து, ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று டெல்மரிடம் சொல்லிவிட்டுப் போனான். வில்டா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. வேறு எந்த வேலியிலும் விழ இடமில்லையா அதற்கு என்று பிற்பாடு என்னிடம் கேட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் ஜெபக் கூட்டம். பாட்டு முடிந்ததும் யாருக்காவது ஜெபக் குறிப்பு உண்டா என்று போதகர் கேட்பார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தனக்கென்று யாரும் கேட்க மாட்டார்கள், அது வெட்கக்கேடு. அடுத்தவருக்காகக் கேட்கலாம், எவ்வளவு விவரமாக வேண்டுமானாலும் கேட்கலாம். மற்ற ஊரில் புறம் பேசுகிறவர்கள் பாவம் செய்கிறார்கள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசிவிடுவதால் புண்ணியமாகிவிடுகிறது.

ஜெனீவா எழுந்து நின்றாள். வில்டா அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

“எங்க அக்கா வில்டாவுக்காக எல்லாரும் ஜெபிக்கணும். கொட்டகைக் கூரை காத்துல போயிடுச்சு. திரும்ப வாங்க அவங்களுக்கு வழியில்ல. பாவம், சாலைப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சிட்டாங்க.”

கடைசி வாக்கியம் வேண்டியதே இல்லை. அதற்காகத்தான் முதல் மூன்றும் வந்தன. சாலைப் பக்கத்திலிருந்து ஒருத்தி கூரையைத் தொடங்கினால் எதற்காகத் தொடங்குவாள் என்று எங்கள் மேட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஹோபர்ட் இருமினான். பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். போதகர் அவசரமாகக் கண்ணை மூடினார். வில்டாவின் காது மடல் அவள் வாங்கிய தகட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது.

கூட்டம் கலைந்து வண்டிகளுக்குப் போகும்போது வில்டா தங்கையின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை எதுக்குடி ஆண்டவர் முன்னாடி பிச்சைக்காரி ஆக்கின?”

“ஜெபம்தான கேட்டேன், அக்கா.”

“நீ ஜெபமா கேட்ட? சிரிப்புக் கேட்ட. குடுத்துட்டாங்க. சந்தோஷமா?”

ஜெனீவா சாவியைப் போட்டு முறுக்கினாள். “சாலைப் பக்கம் நீ யாருக்காகச் சிவப்பு அடிச்சன்னு நான் கேட்டேனா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த இரண்டு மூன்று நாள் வில்டா வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்று தெரியாது. டெல்மர் மில்லில் ஆள் வேண்டுமா என்று ஹோபர்ட்டிடம் போய்க் கேட்டான். சனிக்கிழமை வரைக்கும் பொறு என்றான் ஹோபர்ட்.

சனிக்கிழமை விடிந்து பனி விலகுவதற்குள் மேட்டுப் பாதையில் வண்டிகள் வரிசையாக ஏறி வந்தன. எங்கள் பக்கத்தில் எந்தக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலும் களைக்குள் இரண்டு மூன்று தகடு கிடக்கும். கூரை போட்டு மிஞ்சியது, என்றைக்காவது உதவும் என்று வைத்தது, அடியில் பாம்பு குடியிருப்பது. அதையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஹோபர்ட் மில்லின் பச்சை, சபைச் சமையல்கட்டு கட்டியபோது மிஞ்சிய வெள்ளை, படகுக்கு நிழல் போட்ட ஒருவனுடைய நீலம், பால்பண்ணையை மூடிவிட்டவனின் சாம்பல். என் பங்குக்கு இரண்டு பழுப்பு. பெண்கள் மூடிய பாத்திரங்களோடு இறங்கினார்கள். அடியில் ஒட்டுநாடா ஒட்டி அவரவர் பேர் எழுதியிருந்தது. இல்லாவிட்டால் பாத்திரம் வீடு திரும்பாது.

வில்டா வாசல்படியில் நின்று மறித்தாள். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது.

“நாங்க யாரையும் கூப்பிடலயே, ஹோபர்ட்” என்றாள்.

“நீ கூப்பிட்டிருந்தா யோசிச்சிருப்போம்” என்றான் அவன். “ஏணி எங்க கிடக்கு?”

அந்த முறை கிழக்குக் கோடியில் தொடங்கினோம். யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஏணியை மட்டும் சாலைப் பக்கத்திலிருந்து நாலு பேர் ரொம்ப மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்கே சாத்தினார்கள். வில்டா அதைப் பார்த்துவிட்டு, தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். பிறகு அவளும் ஏறினாள். மீந்திருந்த சிவப்பைக் கழற்றி, மடியாததை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டோம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. நீளம் சேர்ந்தால் சரி. கீழே நின்ற பெண்கள் கூரையைப் பார்த்து, அந்தப் பச்சை எந்த வருடத்தது, அந்த வெள்ளையை அடிக்கும்போது யார் ஏணியிலிருந்து விழுந்தார்கள் என்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே வேலை செய்கிறவர்களை விட அவர்களுக்குத்தான் சந்தோஷம்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி ஜெனீவாவின் கார் வந்தது. அவள் மட்டும்தான் வந்தாள். கையில் ஒரு பாத்திரமும் இருந்தது. அதை மேசையில் வைக்கப் போனால் வைக்க இடமில்லை. யாரோ வாங்கி நாற்காலியில் வைத்தார்கள். நிற்கவும் உட்காரவும் இல்லாமல், கண்ணுக்குக் கையை மறைப்பாக வைத்துக் கூரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

வில்டா தண்ணீர் குடிக்க இறங்கினாள். நான் அடுத்த தகட்டை ஏணிக்கு ஏற்றப் பிடித்துக்கொண்டு நின்றேன். தகட்டை விட்டுவிட்டு நகரவும் முடியாது, காதை மூடவும் முடியாது.

“அது ஹோபர்ட் மில்லுப் பச்சை” என்றாள் ஜெனீவா.

“ஆமா.”

“எங்க வீட்டுலதான் குடுக்க ஒண்ணும் இல்ல. தேடிப் பாத்தேன், அக்கா. கொட்டகைக்குப் பின்னாடி வெறும் புல்லு. கட்டினவங்க மிச்சத்தையெல்லாம் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க.”

வில்டா தண்ணீரை விழுங்கினாள்.

“அவங்களுக்குன்னு பன்னிக்கறி வேக வெச்சேன். ரொட்டி சுட்டேன். வண்டிக்குள்ளயே உக்காந்து, கொண்டுவந்ததைத் தின்னுட்டு, கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. ஒருத்தன் பேருகூட எனக்குத் தெரியாது. உனக்கு ஊரே வந்து நிக்குது.”

“நீதான கூப்பிட்ட?”

“நான் ஜெபிக்கத்தான் சொன்னேன்.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் குத்தல் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. தான் எறிந்த கல் எப்படி அக்கா வீட்டு மேசையில் இத்தனை பாத்திரமாகப் போய் விழுந்தது என்று கணக்குப் பார்க்கிறவள் மாதிரி நின்றாள். கண் மறுபடியும் கூரைக்குப் போனது. வில்டா அந்தக் கண்ணைப் பார்த்தாள். இரண்டு வருடமாகத் தன் அடுக்களை ஜன்னல் கண்ணாடியில் அவள் பார்த்த கண் அதுதான். தங்கை முகத்தில் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள். இதற்குத்தானே கிடேரியை விற்றாள், சாலைப் பக்கத்தில் ஏணியைச் சாத்தினாள்? சிவப்பால் வராதது இந்த ஒட்டுப்போட்ட கூரையால் வந்துவிட்டது.

“நானும் ஏறி நாலு திருகாணி அடிக்கட்டுமா, அக்கா?” என்று கேட்டாள் ஜெனீவா. “பழைய செருப்பு போட்டுட்டுத்தான் வந்தேன்.”

வில்டா தண்ணீர்க் குவளையை வைத்தாள். தலைக் கைக்குட்டையை இறுக்கிக்கொண்டாள்.

“ஆள் போதும்” என்றாள்.

சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தாள். ஆள் போதாது என்று எனக்குத் தெரியும். நான் ஒற்றையாளாகத் தகட்டோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஜெனீவா சரி என்று தலையாட்டினாள். சாப்பாட்டு மேசைப் பக்கம் போனாள். அங்கே பரிமாற அவளுக்கு முந்தியே நாலைந்து பேர் இருந்தார்கள். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, ராய்ஸுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று யாரிடமோ சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

வில்டா மேலே உட்கார்ந்து அந்தக் கார் மேடிறங்கிச் சாலையில் போய்த் திரும்புவதை முழுசாகப் பார்த்தாள். தங்கை போவதைப் பார்க்க நல்ல ருசியாக இருந்தது என்று பிற்பாடு அவளே என்னிடம் ஒத்துக்கொண்டாள். அப்படியொரு ருசியை அதற்கு முன்னால் நாக்கு கண்டதில்லையாம். அடுத்த தகட்டை ஏற்றுவதற்குள் தீர்ந்துவிட்டது என்றாள்.

நாலு மணிக்கு முகட்டு மூடியும் ஏறிவிட்டது. எல்லாரும் பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பேர் பார்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் உருளைகளைத் தெற்குப் பாதிக்குத் தள்ள டெல்மருக்குக் கை கொடுத்தேன். முடிக்கிறபோது மழை வந்துவிட்டது. ரேடியோக்காரன் சொன்ன மழைதான், ஆனால் அவன் சொன்னதற்கு மேல். விடட்டும் என்று நான் உள்ளேயே நின்றேன். தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சுகூடக் கத்தினால்தான் கேட்கும்.

டெல்மர் உருளைகளுக்கு நடுவே போய் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தான். ஒன்றிலும் ஈரமில்லை. எந்த இடத்திலும் ஒழுகல் இல்லை. மந்தை தப்பியது, மில்லுக்குக் கூலிக்குப் போக வேண்டியதில்லை. அவன் முகம் தெளிந்திருந்தது. வில்டாவிடம் வந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஜெனீவாவை ஏன் ஏற விடவில்லை என்று கேட்டான்.

“அவகிட்ட இல்லாத ஒண்ணு எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன், டெல்மர்” என்றாள் அவள்.

மழை வலுத்தது. வில்டா கொட்டகையின் நடுவில் போய் நின்று, பச்சையும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தை, சிவப்பும் பழுப்பும் சந்திக்கிற இடத்தை, ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தாள். ஒழுகவில்லை, நன்றாகத்தான் அடித்திருக்கிறோம் என்று நான் சத்தம் போட்டுச் சொன்னேன். அவளுக்குக் கேட்டது. ஆனாலும் அவள் முகத்தைத் தாழ்த்தவில்லை. ஒரே ஒரு சொட்டாவது தன் மேல் விழாதா, நாலு திருகாணி அடிக்கத் தங்கையைக் கூப்பிடலாமே என்று மழை விடுகிறவரை அப்படியே நின்றாள்.